மேகத்தைப் படிக்க ஒரு செமஸ்டர்... கோஸ்டாரிகா மலையில் நான்கு மாதங்கள்!

கோஸ்டாரிகாவில் பெரும்பாலான வீடுகளுக்கு டோர் நம்பர் கிடையாது. தெருப் பெயர்ப் பலகை இருந்தாலும் யாரும் அதைச் சட்டை செய்வதில்லை. "சர்ச்சிலிருந்து 200 மீட்டர் வடக்கே, அங்கிருந்து 50 மீட்டர் கிழக்கே, பச்சை கேட்" என்பதுதான் முகவரி. தபால் உறையிலும் அப்படியே எழுதுவார்கள். இந்த 100 மீட்டர் கணக்கும் டேப் பிடித்து அளந்தது கிடையாது. ஒரு தெருமுனையிலிருந்து அடுத்த தெருமுனை வரை 100 மீட்டர், அவ்வளவுதான்.

தலைநகர் சான் ஹோசேயை ஒட்டிய சான் பெட்ரோ பகுதியில், "பழைய அத்திமரத்திலிருந்து" என்று தொடங்கும் முகவரிகள் இன்றும் உண்டு. அந்த மரம் போய்ப் பல வருடங்கள் ஆகின்றன. மரம் போனாலும் முகவரி போகவில்லை. ஆலமரமே இல்லாத 'ஆலமரம் ஸ்டாப்'பில் தினமும் இறங்குகிற நம்மூர்க்காரர்களுக்கு இது ஒன்றும் ஆச்சர்யமாக இருக்காது.

அமெரிக்கக் கல்லூரிகளில் சுற்றுச்சூழல் அறிவியல் படிக்கும் மாணவர்களில் பலர், மூன்றாம் ஆண்டில் ஒரு செமஸ்டரை வெளிநாட்டில் படிக்கிறார்கள். அங்கே எடுக்கும் மதிப்பெண் இங்கே கணக்கில் சேரும். லண்டனும் பாரிஸும் மற்ற துறையினருக்கு. காடு, தவளை, மழை என்று படிக்கிறவர்களின் பட்டியலில் முதல் வரிசையில் இருப்பது மத்திய அமெரிக்காவின் இந்தக் குட்டி நாடு. தமிழ்நாட்டின் பரப்பில் பாதிகூட வராது. மக்கள் தொகை சுமார் 50 லட்சம். வெப்ப மண்டல உயிரியலைச் சொல்லித் தருவதற்காக அமெரிக்க, கோஸ்டாரிகப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து 1963-லேயே இங்கு ஓர் அமைப்பைத் தொடங்கின. அன்றிலிருந்து வருடாவருடம் ரப்பர் பூட்ஸும் மழைக்கோட்டுமாக மாணவர்கள் வந்து இறங்கிக்கொண்டே இருக்கிறார்கள்.

அப்படி ஜனவரி கடைசியில் வந்து இறங்குகிற ஒரு மாணவியின் நான்கு மாதங்கள் எப்படி இருக்கும்? அவருடனேயே மலை ஏறிப் பார்ப்போம்.

பூனை முடி பெய்யும் ஊர்

போகும் இடம் மோன்டேவெர்டே. 'பச்சை மலை' என்று பொருள். தலைநகரிலிருந்து 150 கிலோமீட்டருக்குள்தான். ஆனால் பஸ்ஸில் நான்கு மணி நேரத்துக்குக் குறையாது. நெடுஞ்சாலையை விட்டுப் பிரிந்ததும் வளைவுகள் ஆரம்பிக்கின்றன. ஒரு பக்கம் பள்ளம், கீழே தூரத்தில் பசிபிக் கடலின் நிக்கோயா வளைகுடா பளபளக்கிறது. பல்லாண்டுகள் இது குண்டும் குழியுமான மண் ரோடு. ரோடு நன்றாக இருந்தால் கூட்டம் குவிந்துவிடும் என்று பயந்து, அது அப்படியே இருக்கட்டும் என்று சொன்னவர்களும் உள்ளூரில் இருந்தார்கள். இப்போது பெரும்பகுதி தார் போட்டாகிவிட்டது. கூட்டமும் வந்துவிட்டது.

சுமார் 1,500 மீட்டர் உயரத்துக்கு வந்து பஸ்ஸைவிட்டு இறங்கியதும் முகத்தில் ஏதோ ஈரமாக ஒட்டுகிறது. மழை என்று சொல்ல முடியாது. குடை பிடித்தால் பக்கவாட்டில் வந்து நனைக்கும். உள்ளூரில் இதற்கு 'பெலோ டி கட்டோ' என்று பெயர். பூனை முடி! அவ்வளவு மெல்லிய தூறல்.

கிழக்கே கரீபியன் கடலிலிருந்து ஈரக் காற்று கிளம்பி வருகிறது. குறுக்கே மலை நிற்கிறது. காற்று மேலே ஏற வேண்டிய கட்டாயம். ஏற ஏறக் குளிர்ந்து மேகமாகிறது. அந்த மேகம் மலை உச்சியில் இருக்கும் காட்டுக்குள்ளேயே புகுந்து நடந்து போகிறது. இலையில், கிளையில், பாசியில் மோதித் துளியாகிச் சொட்டுகிறது. டிசம்பர் முதல் ஏப்ரல் வரை இங்கே மழை குறைவு. பூமத்திய ரேகைக்கு வடக்கே இருந்தாலும் இந்த மாதங்களைத்தான் 'கோடை' என்பார்கள் ஊர்க்காரர்கள். அந்த மாதங்களில் காட்டுக்குத் தாகம் தீர்ப்பது பெரும்பாலும் இந்த மேகம்தான். இதன் பெயரே மேகக்காடு.

மரங்களைப் பார்த்தால் மரம் எது, அதன் மேல் வளர்ந்தது எது என்று பிரிக்க முடியாது. தண்டெல்லாம் பாசி. கிளையெல்லாம் பெரணி, ஆர்க்கிட், அன்னாசிக் குடும்பத்தைச் சேர்ந்த ப்ரோமிலியட் செடிகள். இந்த மலைப் பகுதியில் மட்டும் 500-க்கும் மேற்பட்ட ஆர்க்கிட் வகைகள் இருக்கின்றன. சில ஆர்க்கிட் பூக்களை லென்ஸ் வைத்துத்தான் பார்க்க முடியும், அரிசி மணியைவிடச் சின்னவை. செடிகள் உதிர்ந்து மக்கி, தரையிலிருந்து 20 மீட்டர் உயரத்தில் கிளைகளின் மேலேயே ஒரு மண் படிவு உருவாகியிருக்கிறது. அதில் மண்புழுகூட உண்டு.

அந்த உயரத்து மண்ணை ஆராய்ச்சிக்குரிய விஷயமாக்கியவர்களில் முக்கியமானவர் நளினி நட்கர்னி. இந்தியத் தந்தைக்கு அமெரிக்காவில் பிறந்தவர். மலையேறுபவர்கள் பயன்படுத்தும் கயிற்றைக் கட்டி மர உச்சிக்கு ஏறி, பல ஆண்டுகள் மோன்டேவெர்டேயில் ஆய்வு செய்தார். இந்த மலையின் உயிரியலைப் பற்றி 2000-ல் வெளியான பெரிய தொகுப்பு நூலின் பதிப்பாசிரியர்களில் ஒருவர். வகுப்பு தொடங்கியதும் மாணவியின் கைக்கு வரும் புத்தகங்களில் அதுவும் ஒன்று.

வெல்லத் தண்ணீரும் 'வாங்க கண்ணு'வும்

மாணவர்களை ஹாஸ்டலில் மொத்தமாக அடைத்துவிடுவது இங்கே வழக்கம் இல்லை. ஆளுக்கொரு வீடாகப் பிரித்து, உள்ளூர்க் குடும்பங்களோடு தங்க வைப்பார்கள். மாணவிக்குக் கிடைப்பது ஒரு சின்ன அறை, தகரக் கூரை, ஜன்னலைத் திறந்தால் மூடுபனி.

காலை உணவு 'காயோ பின்டோ'. நேரடி அர்த்தம் 'புள்ளிச் சேவல்', ஆனால் சேவலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. முந்தைய நாள் சோறும் கறுப்பு பீன்ஸும் சேர்த்து வதக்கியது. வெள்ளைச் சோற்றில் கறுப்புப் புள்ளி தெரிவதால் அந்தப் பெயர். மதியமும் சோறு, பீன்ஸ். ராத்திரியும் பல வீடுகளில் சோறு, பீன்ஸ். பக்கத்தில் வறுத்த நேந்திரன் மாதிரியான பழம். காபி வடிக்க, மர ஸ்டாண்டில் தொங்கும் ஒரு துணிப் பை. குளிர் அடிக்கும் மாலையில் குடிப்பது 'அகுவா டுல்ஸே', கரும்பு வெல்லத்தை வெந்நீரில் கரைத்தது. அமெரிக்க மாணவிகளுக்கு இது புது ருசி. தமிழ்நாட்டு வீட்டிலிருந்து போகிற பெண்ணாக இருந்தால் பானகத்தில் சுக்கையும் ஏலக்காயையும் மறந்துவிட்டார்களோ என்று தோன்றும்.

மொழிதான் முதல் மாதத்துச் சோதனை. கோஸ்டாரிகாவில் 'உஸ்தெத்' என்ற மரியாதைச் சொல்லை எல்லோருக்கும் பயன்படுத்துகிறார்கள். மற்ற பல ஸ்பானிஷ் நாடுகளில் பெரியவர்களுக்கும் அந்நியர்களுக்கும் மட்டும் உரிய சொல் அது. இங்கே அம்மா குழந்தையிடமும் 'உஸ்தெத்'தான், நாயை விரட்டுவதும் 'உஸ்தெத்' போட்டுத்தான். கோயம்புத்தூர்ப் பக்கம் மூன்று வயசுக் குழந்தையைக்கூட "வாங்க கண்ணு, சாப்புடுங்க" என்பார்களே, அந்த மாதிரி.

வகுப்பில் படித்த ஸ்பானிஷ் வீட்டில் காலை வாரும். 'எம்பராஸ்டு' என்ற ஆங்கிலச் சொல்லை நினைத்துக்கொண்டு, "எனக்குக் கூச்சமாக இருக்கிறது" என்ற அர்த்தத்தில் 'எம்பராஸாதா' என்று சொல்லிவிடுவார்கள் மாணவிகள். ஸ்பானிஷில் அதற்கு "நான் கர்ப்பமாக இருக்கிறேன்" என்று பொருள். சாப்பாட்டு மேஜையில் ஒரு நொடி எல்லோருடைய கரண்டியும் நிற்கும். வெளிநாட்டு மாணவிகளைப் பல வருடங்களாக வைத்துச் சமாளித்த வீட்டம்மாக்களுக்கு இது பழகிப்போன ஜோக்.

அதே மேஜையில் பயமுறுத்தும் கதைகளும் உண்டு. 'தோர்சாலோ' என்றொரு ஈ. அது நேராக மனிதர்மேல் முட்டையிடாது. ஒரு கொசுவைப் பிடித்து அதன் உடம்பில் ஒட்டிவிடும். கொசு கடிக்கும்போது புழு தோலுக்குள் இறங்கி, சுவாசிக்க ஒரு துளையை மட்டும் விட்டுக்கொண்டு வளரும். அந்தத் துளையை அடைத்துவிட்டால் மூச்சுக்காக மேலே வரும், அப்போது பிடித்து எடுத்துவிடலாம். வீட்டம்மா இதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி பீன்ஸ் போடுவார். இதையெல்லாம் ஊருக்குப் போன் செய்து அம்மாவிடம் சொல்லாமல் இருப்பதே நல்லது.

பட்டாளத்துக்குப் பயந்து வரவில்லை

இந்த மலையில் தெருவில் நீலக்கண் தாத்தாக்களும் சரளமாக ஸ்பானிஷ் பேசும் அமெரிக்கப் பாட்டிகளும் எப்படி வந்தார்கள் என்பது தனிக் கதை. குவேக்கர்கள் என்பவர்கள் போரை அடியோடு ஏற்காத கிறிஸ்தவப் பிரிவினர். அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தின் ஃபேர்ஹோப் என்ற ஊரைச் சேர்ந்த நான்கு குவேக்கர் இளைஞர்கள், ராணுவத்துக்குப் பெயர் பதிய மறுத்து 1949-ல் சிறை சென்றார்கள். வெளியே வந்ததும் அந்தச் சமூகத்தினர் சிலர் சேர்ந்து, ராணுவமே இல்லாத நாட்டைத் தேடினார்கள். கோஸ்டாரிகா 1948 டிசம்பரில்தான் தன் ராணுவத்தைக் கலைத்திருந்தது. 1951-ல் பத்துப் பதினோரு குடும்பங்கள் இந்த மலையில் வந்து நிலம் வாங்கின.

மாடு வளர்த்தார்கள். பாலைக் கீழே கொண்டுபோவதற்குள் கெட்டுவிடும் என்பதால் சீஸ் செய்தார்கள். மேய்ச்சலுக்காகக் காட்டை வெட்டவும் செய்தார்கள், அதை மறைப்பதற்கில்லை. ஆனால் வந்த வேகத்திலேயே ஒரு முடிவும் எடுத்தார்கள். உச்சியில் இருக்கும் காட்டில் கை வைக்கக் கூடாது, வைத்தால் கீழே ஓடைக்குத் தண்ணீர் வராது. வாங்கிய நிலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இப்படி ஒதுக்கினார்கள். அபூர்வ உயிரினம், சுற்றுலா என்ற யோசனை எதுவும் அப்போது இல்லை, தண்ணீர்க் கவலைதான்.

அதைச் சுற்றித்தான் 1972-ல் மேகக்காட்டுக் காப்பகம் உருவானது. 1987-ல் ஸ்வீடனில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்துக் குழந்தைகள், இந்தக் காட்டைப் பற்றி வகுப்பில் கேட்டுவிட்டு, "நாமே வாங்கிக் காப்பாற்றினால் என்ன?" என்று காசு சேர்க்க ஆரம்பித்தார்கள். அது பல நாட்டுக் குழந்தைகளிடம் பரவியது. அந்தப் பணத்தில் வாங்கத் தொடங்கிய 'குழந்தைகளின் நிரந்தர மழைக்காடு' இன்று 22,000 ஹெக்டேருக்கு மேல் விரிந்து, நாட்டிலேயே பெரிய தனியார் காப்பகமாக இருக்கிறது.

நாடு முழுக்கவும் இதே போல ஒரு திருப்பம் நடந்தது. 1940-களில் கோஸ்டாரிகாவின் முக்கால் பாகம் காடு. வெட்டி வெட்டி 1980-களில் கால் பாகமாகச் சுருங்கியது. இன்று பாதிக்கு மேல் மீண்டும் பச்சை. 1996-ல் வந்த வனச் சட்டம் காட்டை அழித்து வேறு நிலமாக மாற்றத் தடை போட்டது. காட்டை வைத்திருக்கும் விவசாயிக்கு அரசு பணம் தரத் தொடங்கியது. அந்தப் பணத்தின் பெரும்பகுதி வருவது பெட்ரோல், டீசல் வரியிலிருந்து. சட்டம் மட்டுமே சாதித்தது என்றும் சொல்லிவிட முடியாது. 80-களில் மாட்டிறைச்சி ஏற்றுமதி படுத்துவிட்டதால், மேய்ச்சல் நிலத்தைப் பலர் அப்படியே விட்டுவிட்டதும் ஒரு காரணம்.

இதுவரைக்கும் கேட்டால் மாணவிக்கு மனசு நிறைந்திருக்கும். பிரசுரங்களில் படித்ததும் இதைத்தான். வேலி போட்டார்கள், காடு பிழைத்தது. மூன்றாவது வாரம்தான் தேரையின் கதை வருகிறது.

வேலிக்குள் காணாமல் போனது

தங்கத் தேரை. ஆண் தேரை ஐந்து சென்டிமீட்டர்தான் இருக்கும், ஆனால் நிறம் பளீர் ஆரஞ்சு. அரக்குப் பொம்மை போலப் பளபளக்கும். பெண் தேரை கருமையாக, சிவப்புத் திட்டுகளோடு இருக்கும். உலகத்தில் வேறெங்கும் கிடையாது. இந்த மலை முகட்டில் சில சதுர கிலோமீட்டருக்குள் மட்டும் வாழ்ந்தது. 1966-ல்தான் அறிவியல் அதற்குப் பெயர் வைத்தது. வருடத்தில் பெரும்பாலான நாட்கள் மண்ணுக்கடியில் மறைந்திருக்கும். மழைக்காலத்தின் தொடக்கத்தில், மர வேர்களுக்கிடையே தேங்கும் கையகலக் குட்டைகளில் கூட்டமாக வந்து சேரும். சில நாட்கள், சில வாரங்கள், அவ்வளவுதான் தரிசனம்.

1987-ல் மார்த்தா கிரம்ப் என்ற ஆய்வாளர் அந்தக் குட்டைகளில் 1,500-க்கும் மேற்பட்ட தேரைகளைப் பார்த்தார். அவை இட்ட முட்டைகள் சுமார் 43,500. ஆனால் குட்டைகள் காய்ந்துகொண்டே இருந்தன. ஒரு வாரத்தைத் தாண்டிப் பிழைத்த தலைப்பிரட்டைகள் 29.

அடுத்த வருடம் அதே இடத்தில் ஒரே ஒரு தேரை. அக்கம்பக்கத்தையும் சேர்த்தால் பத்து சொச்சம். 1989 மே 15-ம் தேதி ஒரு ஆண் தேரை மட்டும் வந்திருந்தது. அதற்குப் பிறகு யாரும் பார்த்ததாக உறுதியான பதிவு இல்லை. 2004-ல் 'அழிந்துபோன இனம்' என்று உலகப் பட்டியலில் ஏறியது. தேரை மட்டும் போகவில்லை. 30 சதுர கிலோமீட்டர் பரப்பில் இருந்த 50 வகைத் தவளை, தேரைகளில் 20 வகைகள் அந்தச் சமயத்தில் மறைந்துவிட்டன.

காட்டை யாரும் வெட்டவில்லை. வேட்டை இல்லை, பூச்சிமருந்து அடிக்கவில்லை. உலகத்திலேயே அக்கறையாகப் பார்த்துக்கொண்ட காடுகளில் ஒன்று இது. வேலிக்கு உள்ளேயே, இரண்டே வருடத்தில் இது நடந்தது.

காரணம் என்ன என்று கேட்டால் மாணவிக்குக் கிடைப்பது ஒரு பதில் கிடையாது, ஒரு சண்டை. 1999-ல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு, கடல் சூடாவதால் மேகம் உருவாகும் உயரம் மேலே போகிறது என்றது. காட்டுக்குள் நடந்து போன மேகம், காட்டுக்கு மேலே மிதந்து போகிறது. கோடை மாதங்களில் பூனை முடி இல்லாத நாட்கள் 1970-களிலிருந்து அதிகரித்து வந்ததை அது காட்டியது. தாழ்வான இடத்துப் பறவையான டூக்கன், மேலே ஏறி வந்து கெட்சால் பறவையின் பக்கத்தில் கூடு கட்டத் தொடங்கியதையும் பதிவு செய்தது. தவளைத் தோலைத் தாக்கும் ஒரு பூஞ்சைதான் கொன்றது என்பதில் இன்று பலருக்கும் உடன்பாடு உண்டு. உலகெங்கும் தவளைகளை அழித்தது அதே பூஞ்சைதான். ஆனால் அதற்கு வழி விட்டது எது என்பதில்தான் தகராறு.

2010-ல் வேறு இருவர் மரத்தையே சாட்சிக்கு அழைத்தார்கள். வெப்ப மண்டல மரங்களில் வருட வளையம் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இருக்காது. எனவே மரத்திலுள்ள ஆக்ஸிஜன் வகைகளை அளந்து, நூறு வருட ஈரத்தையும் வறட்சியையும் படித்தார்கள். 1986-87 எல் நினோ வறட்சி மிகக் கடுமையானது, அதுவே தேரைக்குக் கெட்ட காலமாக இருந்திருக்கும். படிப்படியாகக் காய்ந்து வந்ததற்கான அடையாளம் மரத்தில் தெரியவில்லை என்றார்கள். இரண்டு தரப்பும் நேர்மையானவர்கள். இரண்டு தரப்பிடமும் கணக்கு இருக்கிறது. பரீட்சையில் 'சரியான விடையைத் தேர்ந்தெடு' என்று எழுதிப் பழகிய மூன்றாம் ஆண்டு மாணவிக்கு இதைவிடச் சங்கடம் வேண்டியதில்லை.

இங்கே ஒருவரைக் குறிப்பிட்டே ஆக வேண்டும். அந்த 1999 ஆய்வின் மூன்று ஆசிரியர்களில் ஒருவர் ஜான் கேம்ப்பெல். மோன்டேவெர்டேயில் குடியிருந்த குவேக்கர். எழுபதுகளின் தொடக்கத்திலிருந்து தினமும் மழையை அளந்து எழுதி வைத்தவர். ஒரு நாள், இரண்டு நாள் இல்லை, பல பத்தாண்டுகள். மேகம் குறைகிறதா என்று உலகம் கேட்டபோது, பதில் சொல்லக்கூடிய எண்கள் அந்தக் குறிப்புகளில்தான் இருந்தன. சாட்டிலைட் கண்ணுக்குத் தெரியாத ஒரு மலைச்சரிவின் தினசரிக் கணக்கு அது.

ஈரப் பாசியும் எடைத் தராசும்

நான்கு மாதத்தின் கடைசிப் பகுதியில் ஒவ்வொரு மாணவரும் சொந்தமாக ஓர் ஆய்வு செய்ய வேண்டும். ஒருவர் ஹம்மிங் பறவை எந்தப் பூவுக்கு எத்தனை முறை வருகிறது என்று எண்ணுகிறார். இன்னொருவர் எறும்பு வரிசைக்குப் பக்கத்தில் குப்புறப் படுத்துக் கிடக்கிறார். நம் மாணவி எடுத்துக்கொள்வது பாசி.

வேலை கேட்க எளிது. விழுந்த கிளைகளிலிருந்து ஒரு கைப்பிடிப் பாசி எடு, எடை போடு. தண்ணீரில் முக்கி எடு, எடை போடு. உலர்த்து, எடை போடு. மேய்ச்சல் நிலத்தில் தனியாக நிற்கும் மரத்தின் பாசி, ஓரக்காட்டின் பாசி, அடர்காட்டின் பாசி என்று மாற்றி மாற்றிச் செய். கூடவே மரத்தடியில் புனல் வைத்த பாட்டில்கள், திறந்த வெளியில் நரம்பு கட்டிய உருளை. மூடுபனி நரம்பில் மோதி வடிந்து பாட்டிலில் சேரும். காலை ஆறு மணிக்குப் போய் எத்தனை மில்லிலிட்டர் என்று எழுத வேண்டும்.

மூன்று வாரம் இதையே செய்தால் எப்படி இருக்கும்? பென்சிலைத் தவிர எதுவும் எழுதாது. நோட்டுப் புத்தகம் நாலாம் நாளே உப்பிவிடும். காற்று ஒரு பாட்டிலை உருட்டிவிட்டால் அன்றைய கணக்கு போச்சு. இன்ஸ்டாகிராமில் போடுகிற மாதிரி ஒரு படமும் கிடைக்காது. பக்கத்திலேயே ஜிப்லைனில் தொங்கிக்கொண்டு சுற்றுலாப் பயணிகள் 'ஹோ'வென்று கத்தியபடி காட்டுக்கு மேலே பறக்கிறார்கள். அவர்கள் ஒரு மணி நேரத்தில் பார்த்த காட்டின் பரப்பை இவர் நான்கு மாதத்திலும் பார்த்திருக்க மாட்டார்.

ஆனால் எடைத் தராசு சும்மா இருக்காது. தன் உலர் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரைப் பாசி பிடித்து வைத்திருப்பதை எண்ணில் பார்க்கும்போது, 1951-ல் விவசாயிகள் அந்த உச்சியை ஏன் தொடவில்லை என்பது புரிய ஆரம்பிக்கிறது. நீலகிரியிலும் ஆனைமலையிலும் மடிப்பு மடிப்பாக ஒதுங்கி நிற்கும் சோலைக்காடுகள் செய்வதும் இதே வேலைதான். பவானிக்கும் மோயாற்றுக்கும் கோடையில் வருகிற தண்ணீரில் அந்தப் பாசிக்கும் பங்கு உண்டு.

கெட்சால் பறவையும் ஒரு பாடம் சொல்கிறது. பச்சை உடல், சிவப்பு வயிறு, ஆணுக்கு உடம்பைவிட நீளமான வால் இறகு. இதைப் பார்க்கவே உலகம் முழுவதிலுமிருந்து வருகிறார்கள். குஞ்சு பொரித்து முடித்ததும் இவை காப்பகத்தில் இருப்பதில்லை. காட்டு வெண்ணெய்ப் பழங்களைத் தேடி மலையின் கீழ்ச்சரிவுக்குப் போய்விடுகின்றன. ரேடியோ கருவி பொருத்திப் பின்தொடர்ந்தபோதுதான் இது தெரிந்தது. கீழே இருப்பது காப்பகம் அல்ல, யாரோ ஒரு விவசாயியின் காபித் தோட்டமும் மாட்டுக் கொட்டகையும். அவர் தன் வேலியோரத்து மரத்தை வெட்டினால், மேலே காப்பகத்துக்கு நுழைவுச்சீட்டு வாங்கியவருக்குப் பறவை தெரியாது. அதனால்தான் மலை முதல் கடல் வரை மரத்தொடர் அமைக்கும் வேலை இங்கே பல வருடங்களாக நடக்கிறது. மாணவர்கள் வாரம் ஒரு நாள் நாற்றங்காலில் பை நிரப்புவதும் அதற்குத்தான்.

இந்த நாட்டைச் சொர்க்கம் என்று முடிவு கட்டிவிடாமல் இருக்க, வகுப்பு ஒரு வாரம் கிழக்கே சமவெளிக்குப் போவதுண்டு. உலகத்துக்கு அதிக அளவில் அன்னாசி ஏற்றுமதி செய்யும் நாடு கோஸ்டாரிகா. தோட்டங்களை ஒட்டிய சில ஊர்களில் குடிநீரில் களைக்கொல்லி கலந்து, பல வருடங்கள் லாரித் தண்ணீரை நம்பி வாழ்ந்தார்கள் மக்கள். மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் நீர், காற்று, பூமியின் வெப்பம் ஆகியவற்றிலிருந்து எடுக்கும் பெருமையும் இதே நாட்டுக்குத்தான். 2024-ல் எல் நினோ வறட்சியில் அணைகள் வற்றியபோது அந்தப் பெருமைக்கும் மின்வெட்டு அபாயம் வந்தது. அமெரிக்காவிலிருந்து விமானத்தில் வந்து, அந்தப் புகையையும் சேர்த்துக்கொண்டு மேகத்தை ஆராய்வது எந்த ஊர் நியாயம் என்ற கேள்வியை மாணவர்களே இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கிளப்புவார்கள். அதற்கு யாரும் நல்ல பதில் வைத்திருப்பதில்லை.

செலவும் கொஞ்சநஞ்சம் இல்லை. அமெரிக்கக் கல்லூரிக் கட்டணத்தோடு பயணம், விசா, இன்ஷூரன்ஸ் எல்லாம் சேரும். அங்கு படிக்கும் இந்திய மாணவர்கள் இப்படி மூன்றாவது நாட்டுக்கு ஒரு செமஸ்டர் போவதாக இருந்தால், திரும்பி அமெரிக்காவுக்குள் நுழைவதற்கான விசா நாள் கணக்கை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். மஞ்சள் காய்ச்சல் பரவியுள்ள நாடுகள் வழியாகப் போனால் தடுப்பூசிச் சான்றையும் கேட்பார்கள்.

சீஸ்காரரின் கேள்வி

மே மாதம் ஊர் மக்கள் முன்னால் ஆய்வைச் சொல்ல வேண்டும். ஸ்பானிஷில்! முன் வரிசையில் வீட்டம்மா, அவருடைய அக்கா, பால் ஊற்றுகிற விவசாயிகள், ஓடி விளையாடும் பிள்ளைகள். மாணவி பாசியின் எடைப் படத்தைத் திரையில் காட்டுகிறார். நாக்கு இரண்டு இடத்தில் பிசகுகிறது. யாரும் சிரிக்கவில்லை.

இப்படிப்பட்ட கூட்டங்களில் பேராசிரியர் கேட்கும் கேள்விக்கு ஓரளவு தயாராக வந்திருப்பார்கள். பின் வரிசையில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெரியவர் கேட்பதற்குத்தான் தயாராக முடியாது. போன வருடத்தைவிட இந்த வருடம் குறைந்திருக்கிறதா, கூடியிருக்கிறதா? அவருக்கு வேண்டியது அது மட்டும்தான். மாடு நிற்கும் சரிவில் ஊற்று வருமா, வராதா என்பது அதில்தான் இருக்கிறது.

மூன்று வாரக் கணக்கை வைத்து அதற்குப் பதில் சொல்ல முடியாது. "தெரியவில்லை" என்று ஸ்பானிஷில் சொல்வது சுலபம், 'நோ ஸே', இரண்டே சொல். சொல்லிவிட்டு, போன வருடம் வேறொரு மாணவர் இதே மரத்தடியில் எடுத்த எண்கள் இருக்கின்றன, அடுத்த வருடம் வருகிறவரிடம் இந்த நோட்டு போய்ச் சேரும் என்று மட்டும் சேர்த்துச் சொல்லலாம். பெரியவர் தலையாட்டுகிறார். வெளியே காபியும் சோள ரொட்டியும் தயாராக இருக்கின்றன.

மாணவி கிளம்பும் வாரத்தில் மழைக்காலம் தொடங்கிவிடும். பூனை முடி போய், தகரக் கூரை அதிர நிஜ மழை. முகட்டில் மர வேர்களுக்கிடையே குட்டைகள் நிறைகின்றன. காணாமல் போன தவளைகளைத் தேட 2010-ல் உலக அளவில் ஒரு முயற்சி நடந்தபோது, தேடப்படும் பத்து இனங்களின் பட்டியலில் முதல் பெயர் தங்கத் தேரை. கிடைக்கவில்லை. ஆனால் அழிந்ததாக நினைத்த ஒரு சின்ன ஓடைத் தவளை 2007-ல் இதே காப்பகத்தில் மீண்டும் கண்ணில் பட்டது. பச்சைக் கண் கொண்ட இன்னொரு தவளை, குழந்தைகளின் காட்டுக்குள் உயிரோடு இருப்பது 2002-ல் தெரிந்தது. எனவே மே மாத முதல் மழைக்குப் பிறகு, டார்ச் லைட்டும் பூட்ஸுமாக அந்தக் குட்டைகள் பக்கம் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் இந்த ஊரில் இன்னும் இருக்கிறார்கள்.